பதிவில் விழாத 'ம்'

"அப்பா, ரெக்கார்டிங் நடுவுல டப்பு டப்புனு சத்தம் வருது. விட்டு விட்டு வருது. என்ன செட்டிங் வைக்கணும்?" என்று எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறாய். புரட்டாசிக்குப் பிறகு உன்னிடமிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் வார்த்தை இது. இப்போது மாசி நடக்கிறது. நலமா என்று ஒரு சொல் இல்லை, அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு சொல் இல்லை. டப்பு டப்பாம். செல்போன் அப்போது அம்மாவின் கையில்தான் இருந்தது. அவள்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பிறகு சிலேட்டை எடுத்து, "பதில் போடுங்க. பாவம், புள்ள முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்" என்று எழுதினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் அடிக்கவில்லை.

நீ கேட்டதற்கு எஸ்எம்எஸ்ஸில் பதில் அடங்காது. போனில் சொல்லலாமென்றால், அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் உனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். ஆகையால் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் நண்பனோடு சேர்ந்து அறை பிடித்து, பள்ளிக்கூடப் பாடங்களைக் குரலில் பதிந்து சிடி போடப் போகிறாய் என்பதே ஜெயமங்கலத்து மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நல்ல காரியம். கேட்ட செட்டிங் அத்தனையும் இதில் இருக்கிறது, ஒன்றைக்கூட மறைக்க மாட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தின் வேலை அதுவல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ உன் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். உன் நண்பனும் இதைப் படித்தால் படிக்கட்டும், அவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள்.

அம்மாவும் இதைப் படிப்பாள். அவளுக்குத் தெரியாத எதையும் நான் எழுதவில்லை. அவளுக்குப் புற்று மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை நுரையீரலில். போன வாரம் மதுரைக்குப் போய் வந்தோம். டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, இனி வெட்டி எடுக்கிற நிலையில் இல்லை, வலிக்கு மருந்து தரலாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை அம்மா சன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் உள்ளங்கையை இழுத்து அதில் விரலால் எழுதினாள். பேருந்து ஆடியதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சிலேட்டில் கேட்டால், "தேனியில எறங்கி முருங்கைக்கா வாங்கணும்னு சொன்னேன்" என்கிறாள். அவள் அப்படித்தான்.

சரி, உன் டப்பு டப்புக்கு வருகிறேன். அது பஃபர் செய்கிற வேலை. சவுண்ட் கார்டு ஊற்றுகிற குரலைக் கம்ப்யூட்டர் மொண்டு எடுக்கும்வரை பிடித்து வைக்கிற தொட்டிதான் பஃபர். கம்ப்யூட்டர் வேறு எதையோ பார்க்கப் போன நேரத்தில் சின்னத் தொட்டியாக இருந்தால் நிரம்பி வழிந்துவிடும். வழிந்தது போனதுதான், அந்த ஓட்டைதான் உனக்கு டப்பு என்று கேட்கிறது. நீ 128-இல் வைத்திருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா? எதுவும் உடனே நடக்க வேண்டும் உனக்கு. 512 வை. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் 1024 வை. விண்டோஸோடு வருகிற டிரைவரை நம்பாதே, சவுண்ட் கார்டுக்காரன் கொடுத்த ஆசியோ டிரைவரைப் போடு. இதில் ஒரு தொல்லை உண்டு. தொட்டி பெரிதானால் பேசுகிறவருக்கு ஹெட்போனில் தன் குரலே கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வரும்.

நம் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த புதிதில் இது தெரியாமல் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன் எல்லாம் கேசட்தான். பெரியகுளம் ரோட்டில் அந்தச் சின்னக் கடையில் நான் மெஷினைப் பார்த்துக்கொள்ள, மைக் முன்னால் அம்மா உட்கார்ந்திருப்பாள். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அறிவிப்பு அத்தனையும் அவள் குரல்தான். துணிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, கண் சிகிச்சை முகாம், துக்கச் செய்தி, எதுவானாலும் அவள்தான். கம்ப்யூட்டரில் முதன்முதலாகப் பதிந்த அன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு "தாய்மார்களே" என்று ஆரம்பித்தாள். "தாய்மா... தாய்மார்... மார்களே" என்று நாக்கு பிசகிற்று. எத்தனையோ வருடமாகத் தடுமாறாத நாக்கு. நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "யாரோ ஒருத்தி எம் முதுகுக்குப் பின்னால நின்னு நான் பேசுறது மாதிரியே பேசிக் காட்டுறா. அவளை மொதல்ல அங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பதிவே நடக்கவில்லை. மென்பொருளில் மானிட்டரிங் என்று இருப்பதை அணைத்துவிட்டு, குரலை மிக்சரிலிருந்தே நேராக ஹெட்போனுக்குக் கொடு. பின்னால் நிற்கிறவள் போய்விடுவாள்.

அடுத்தது, பதியும்போது கம்ப்யூட்டர் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. ஆன்டிவைரஸை நிறுத்து. இன்டர்நெட் வயரைப் பிடுங்கி வை. ஸ்க்ரீன் சேவர், தானாகத் தூங்கப் போகிற பவர் செட்டிங், தானாக அப்டேட் ஆவது, எல்லாவற்றையும் அணை. மென்பொருள் சி டிரைவில் இருந்தால் பதிவை வேறு ஹார்ட் டிஸ்க்கில் விழ விடு. முக்கியமாக, விண்டோஸ் போடுகிற சத்தங்களை அடியோடு நிறுத்து. போடியில் ஒரு மளிகைக் கடைக்காரர் இறந்தபோது துக்கச் செய்தி பதிந்தோமே, அவசரத்தில் நான் சரியாகக் கேட்காமல் கொடுத்தனுப்பிவிட்டேன். "இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று அம்மா இறங்கிய குரலில் சொல்கிற இடத்தில் "டிங்" என்று ஒரு மணி. போடி பஜார் முழுக்கக் காலையிலிருந்து அந்த டிங். மத்தியானம் அவர் மகன் நம் கடை வாசலில் வந்து நின்றார். "எங்கப்பா செத்ததை மணியடிச்சுக் கொண்டாடுறீகளா?" என்று கேட்டார். அம்மா எழுந்து போய், "உக்காருங்க தம்பி. அப்பாவுக்கு எத்தன வயசு? என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல இவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சண்டைக்கு வந்த மனுசன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். அவள் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த 'ம்' பற்றி அன்றைக்கு நாம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரல் பதிவுக்கு சாம்பிள் ரேட் 44.1 போதும், பிட் மட்டும் 24 வை. 96 என்று போட்டால் பெருமையாக இருக்கும், கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். மென்பொருளில் வைத்திருப்பதும் சவுண்ட் கார்டில் வைத்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், மாறினால் குரல் கீச்சிடும் அல்லது இழுக்கும். அளவு சிவப்பைத் தொடக் கூடாது. சன்னமாகப் பதிந்ததைப் பிறகு தூக்கிவிடலாம், சிவப்பில் நசுங்கிய குரலை யாராலும் நிமிர்த்த முடியாது. அம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததில்லை. உரத்துச் சொல்கிற இடம் வந்தால் தானாகத் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வாள். "பெரியகுளம், ஜெயமங்கலம், சின்னமனூர், கம்பம்" என்று அவள் ஊர்ப் பேர் அடுக்குவதைக் கேட்டு, லோயர் கேம்ப்பில் குமுளிக்கு ஏறுகிற ஜீப்புக்காகக் காத்து நின்ற உன் மாமா, "எந்தங்கச்சி இங்கனயும் வந்துட்டா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாராம்.

அந்தக் குரல் கம்மியபோது முதலில் சளி என்றோம். பிறகு அதிகம் பேசுவதால் என்றோம். மிளகும் பனங்கற்கண்டும் தின்றே இரண்டு மாதம் ஓட்டினாள். மதுரையில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தால் உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. நீ லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாய். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவுக்கு வீட்டில் தேவைப்படுகிற சொற்களையெல்லாம் பதிந்துவிடுவோம், கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சொல் வைத்துவிடுவோம், அவள் தட்டினால் அவள் குரலே பேசும் என்றாய். அந்த வீட்டில் அந்த நேரத்தில் உருப்படியாக யோசித்தவன் நீ ஒருவன்தான். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஆடி மாதம். கம்பம் பள்ளத்தாக்குக் காற்று உனக்குத் தெரியும், கதவைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று. கடை ஷட்டர் தடதடவென்று ஆடிற்று, பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜெனரேட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் குரலோ ஏற்கெனவே பாதிதான் இருந்தது. காற்றுச் சத்தம் விழக் கூடாதே என்று நீ நாய்ஸ் கேட் போட்டாய். ஓர் அளவுக்குக் கீழே எந்தச் சத்தம் வந்தாலும் கதவை மூடிவிடும், அதற்கு மேலே வந்தால் திறக்கும். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். அம்மா மைக்குக்கு முன் உட்கார்ந்தாள். "ஆரம்பிக்கலாமாம்மா?" என்பாய். "ம்" என்பாள். "தண்ணி வேணுமா?" "ம்ஹூம்." "இன்னொரு தடவ சொல்றியா?" "ம்." பிறகு தலையை நிமிர்த்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க. உக்காருங்க. சாப்பிட்டியா. போதும். வேணாம். லைட்ட அணை. ஏலே, எந்திரி" என்று சொல்லுவாள். வலியில் கண்ணில் நீர் வழிந்தது, குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள். மறுநாளும் அதே மாதிரி. மென்பொருள் தானாக வெற்றிடங்களை வெட்டிப்போட்டு, சொற்களை மட்டும் தனித்தனிக் கோப்பாக அடுக்கிக் கொடுத்தது. ஓர் இரைச்சல் இல்லை. காற்று இல்லை, ஜெனரேட்டர் இல்லை. "சூப்பரா வந்திருக்குப்பா" என்றாய். உண்மைதான், சூப்பராகத்தான் வந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்தார்கள். அம்மா ஆசையாகப் போய்க் கட்டையைத் தட்டினாள். "வாங்க. உக்காருங்க. காப்பி சாப்பிடுறீகளா?" என்று ஸ்பீக்கர் உரக்கக் கேட்டது. அந்த அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஆத்தாடி, தள்ளுபடி ஆட்டோ வீட்டுக்குள்ள வந்துருச்சோன்னு பயந்தே போனேன்" என்றார்கள். அம்மாவுக்குத் தோள் குலுங்கியது, சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. அவர்கள் போன பிறகு சுவிட்சை அணைத்தவள் பிறகு அதைத் தொடவே இல்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால் அவள் கடைக் குரலில்தானே பேசுவாள். வீட்டில் அவள் அப்படியா பேசுவாள்? கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்றையும் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஒரு சொல் பேசிப் பார்த்துவிட்டு, "மாவு மில்லு மாதிரி இருக்கு" என்று சிலேட்டில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நீ செய்த முதல் போன். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா காதில் வைத்துக்கொண்டாள். நீ ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். வழக்கமாக நீ போனில் பேசினால் அம்மா என்ன சொல்வாள்? ஒன்றுமே சொல்ல மாட்டாள். நீ மெஸ் சாப்பாட்டைத் திட்டுவாய், அவள் "ம்" என்பாள். மேனேஜரைத் திட்டுவாய், "ம்" என்பாள். அரை மணி நேரம் பேசி முடித்தால் அவள் பங்குக்கு அந்த ஒரு சத்தம்தான் இருக்கும், நீயும் வயிறு நிறைந்தவன் மாதிரி போனை வைப்பாய். அன்றைக்கு அது இல்லை. நீ ஒரு வரி சொன்னாய், நிறுத்தினாய். "அம்மா?" என்றாய். "ஹலோ? லைன்ல இருக்கியா?" என்றாய். மறுபடி ஒரு வரி. மறுபடி ஹலோ. பிறகு "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிட்டாய். உன் குரல் உடைந்தது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

புரட்டாசியில் நீ வந்தது அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். சொற்களை யார் கேட்டார்கள், ஒரு 'ம்' கிடைத்தால் போதும், போனுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்து அம்மா அதைத் தட்டட்டும் என்று தேடினாய். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாக் கோப்பையும் திறந்து பார்த்தாய். எத்தனை 'ம்' சொன்னாள் அவள், அந்த அறையில் நாம் இருவரும்தானே இருந்தோம்! ஒன்றுகூட விழவில்லை. கேட் வைத்த அளவுக்குக் கீழே இருந்த சத்தம் அது. காற்றோடும் ஜெனரேட்டரோடும் சேர்த்து அதையும் வெற்றிடம் என்று வெட்டிப்போட்டிருந்தது மென்பொருள். பிறகு பழைய அறிவிப்புகளை எடுத்தாய். அறிவிப்பில் யார் 'ம்' சொல்லப்போகிறார்கள்? கடைசியில் நீ ஒன்று செய்தாய். பெரியகுளம், ஜெயமங்கலம், கம்பம் என்று அவள் சொன்ன ஊர்ப் பேர்களின் வாலிலிருந்து 'ம்'மை மட்டும் வெட்டி எடுத்தாய். இழுத்துப் பார்த்தாய், ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தாய். கதவு சாத்துகிற மாதிரி சட்டென்று முடிகிறது ஒவ்வொன்றும். அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாய். அவள் கேட்டுவிட்டு உன் தலையைத் தடவினாள். சிலேட்டில், "இது ம் இல்ல சாமி, ஊரு பேரு" என்று எழுதினாள்.

மறுநாள் காலையில் நீ பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு போன் மாமாவுக்கு மட்டும் வந்தது, வீட்டுக்கு வரவே இல்லை. "நாந்தான் மாமா அழிச்சேன், அம்மாகிட்ட என்னனு பேசுவேன்" என்று மாமாவிடம் சொன்னாயாம். உன் மேல் எனக்கு இருப்பது கோபம்தான், அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் எதற்கு என்பதைச் சரியாகத் தெரிந்துகொள். கேட் போட்டதற்கு இல்லை. அவள் பேச்சு போனதும் நீயும் சேர்ந்து பேச்சை நிறுத்திவிட்டாயே, அதற்குத்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஊமையானால் நான் யாரோடு பேசுவது?

செட்டிங்கில் கடைசியும் இதுதான், எழுதி ஒட்டி வைத்துக்கொள். பதியும்போது கேட் போடாதே. நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாதே. வெற்றிடத்தைத் தானாக வெட்டுகிற வசதியை அணைத்து வை. காற்று விழுந்தால் விழட்டும், ஃபேன் விழுந்தால் விழட்டும். முழுப் பதிவையும் அப்படியே ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலில் வேண்டியதை வெட்டிக்கொள். எது வேண்டாத சத்தம் என்று பதிகிற நேரத்தில் யாருக்கும் தெரியாது.

மதுரையிலிருந்து வந்த பிறகு, உன்னைத் திட்டிக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுமுன் ஒன்று தோன்றிற்று. நீ பட்டது என்ன என்று நானும் பட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று, கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். "நான்தான். மாத்திரை போட்டியா?" என்றேன். ஒன்றும் இல்லை. "கஞ்சி குடிச்சியா?" ஒன்றும் இல்லை. காலையில் வீட்டில் பார்த்துவிட்டு வந்தவள்தான், நன்றாகத் தெரியும் எனக்கு, இருந்தும் "ஹலோ, இருக்கியா?" என்று கத்திவிட்டேன். வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் உன் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் மறுபடி போட்டேன். இந்த முறை எதையும் கேட்கவில்லை. ஷட்டர் இடுக்கில் குருவி கூடு கட்டியிருப்பதைச் சொன்னேன். கரெண்ட் போய் பாதிப் பதிவு போனதைச் சொன்னேன். அவள் இடத்தில் இப்போது மைக்கில் பேசுகிற பெண் "சிறப்பு" என்பதை "சிரிப்பு" என்று சொல்லித் தொலைக்கிறாள் என்று புலம்பினேன். கண்ணை மூடிக்கொண்டு, கிணற்றுக்குள் பேசுகிறவன் மாதிரி பேசிவிட்டு வைத்தேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது கேட்டேன். "நான் பேசுனது பூராக் கேட்டுச்சா? கடைசி வரைக்கும் காதுல வச்சிருந்தியா, இல்ல கட்டில்ல போட்டுட்டியா?"

அம்மா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சிலேட்டை எடுத்தாள். "நீங்க பேசப் பேச நான் ம் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். ஒங்களுக்குக் கேக்கலைன்னா நான் சொல்லலைன்னு ஆயிருமா?" என்று எழுதிக் காட்டினாள். உதட்டை மூடித் தலையைச் சின்னதாக ஆட்டிக் காட்டினாள். எப்போதும் செய்கிற மாதிரியேதான், சத்தம் மட்டும் இல்லை.

பிறகு கேட்டேன். "அன்னைக்கு அவன் ஹலோ ஹலோன்னு கத்துனானே, லைன்ல இருக்கியான்னு கேட்டானே, அப்பவுமா?"

ஆமென்று தலையாட்டினாள். அழித்துவிட்டு எழுதினாள். "ஒவ்வொரு ஹலோவுக்கும் சொன்னேன்."

அதனால் கூப்பிடு. நாளைக்கே கூப்பிடு, பிறகு லீவு சொல்லிவிட்டு நேரிலேயே வா, அதிக நாள் தள்ளாதே. போனில் கேள்வி கேட்காதே, ஹலோ சொல்லாதே. மெஸ்ஸைத் திட்டு, உன் டப்பு டப்பைச் சொல், எதையாவது சொல்லிக்கொண்டே இரு. நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்துவாய் அல்லவா, அந்த இடத்தில் அவள் சொல்லிக்கொள்வாள்.